கிணற்றடியில் தொடங்கும் வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கெட்ட தண்ணீரும் புகையும் வெள்ளமும் காய்ச்சலும் எந்தக் குடும்பங்கள் மேல் கூடுதலாக விழுகின்றன என்பதை ஊர் ஊராகக் குறித்துவரும் வேலையில் சில காலமாக இருக்கிறேன். சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கு வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுமை வரைபடம் என்று நீங்கள் சொல்வது என்ன?

ஓரிடத்தில் கிணறு கெட்டிருக்கிறது என்பது ஒரு தகவல். அந்தக் கிணற்றைச் சுற்றி யார் இருக்கிறார்கள், வேறு தண்ணீர் வாங்க அவர்கள் கையில் காசு இருக்கிறதா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, இரவில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைக்குமா என்பது இன்னொரு தகவல். முதலாவதைச் சுற்றாடல் திணைக்களங்கள் எழுதுகின்றன. இரண்டாவது, துண்டு துண்டாகப் பிரதேச செயலகத்திலும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டிலும் கிடக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே குடும்பங்களின் வாசலில் எத்தனை கேடுகள் வந்து குவிகின்றன என்பது தெரியும். அதைத்தான் சுமை வரைபடம் என்கிறோம்.

குடாநாடு சின்ன இடம். எல்லோரும் குடிப்பது நிலத்தடி நீர். இதில் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர்நீர் எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் நடுவில் இந்த நன்னீர்ப் படை தடிப்பானது. கரையோரத்திலும் தீவகத்திலும் மெல்லியது. ஆகவே வலிகாமத்தில் வாழ்பவருக்கும் ஊர்காவற்றுறையில் அல்லது நெடுந்தீவில் வாழ்பவருக்கும் தொடக்கத்திலேயே ஒரே தண்ணீர் இல்லை.

இது இயற்கை வைத்த வேறுபாடு. மீதி மனிதர் வைத்தது. நல்ல செம்மண், நல்ல கிணறு, மேட்டு நிலம் ஆகியவை யாரிடம் இருந்தன, உவர் ஏறிய தரவையும் கரையும் கல் நிறைந்த கலட்டியும் யாருக்கு விடப்பட்டன என்பதை நம் ஊர்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்தோடு நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. சாதி காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்காக அதன் வாசலில் நின்று அவர்கள் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் குடியிருப்பு எல்லைகள் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வேலி மாறி மதிலானது, அவ்வளவுதான் மாற்றம்.

இதன்மேல் போர் இன்னோர் அடுக்கைப் போட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட மக்களில் பலர் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கத்து முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் திரும்பி வந்த பல, பொம்மைவெளி போன்ற தாழ்நிலத்தில் மாரிதோறும் வெள்ளத்தோடு வாழ்கின்றன. பிறந்து வளர்ந்த குறிச்சியும் இழந்த காணியும் சேர்ந்து ஒருவரின் தண்ணீரைத் தீர்மானிக்கின்றன.

ஓர் எளிய கணக்கையும் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். 1 பரப்பை ஒரு சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி வரும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் 50 அடி விடுங்கள் என்று சொல்வது 8 பரப்பு வளவில் இருப்பவருக்கு அறிவுரை. 1 பரப்புத் துண்டுகளாக வீட்டுத்திட்டம் கொடுக்கப்பட்ட குடும்பத்துக்கு அதை எப்படிச் சொல்வது? தன் குழியைத் தள்ளி வைத்தால் அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போகிறது. வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் அந்த 50 அடியும் முழுப் பாதுகாப்பு இல்லை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் வந்ததே. அப்போது வரைபடம் கீறினார்களா?

கீறினார்கள். சுன்னாகம் மின்நிலைய வளவில் இருந்து கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் படிந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் குடாநாட்டையே உலுக்கியது. காலையில் வாளியை இறக்கினால் நீரின் மேல் வானவில் போல ஒரு படலம் விரியும். சோறு வடித்தால் மண்ணெண்ணெய் மணக்கும். முதலில் கண்டுபிடித்தவை அந்தப் பகுதிப் பெண்களின் மூக்குகள்தான். ஆய்வுக்கூட அறிக்கைகள் பின்னால் வந்தன, வந்தவையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. வழக்கு உயர்நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்காக அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கெடுத்தவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கையில் ஓங்கிச் சொன்ன தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

எங்கள் வேலைக்கு அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மின்நிலையத்தை நடுவில் வைத்துக் கவராயத்தால் வட்டம் போட்டால் போதாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நீர் வட்டமாகப் போவதில்லை, வெடிப்பு போகும் வழியில் போகிறது. ஓர் ஒழுங்கையில் மூன்றாம் கிணறு நாறும், ஐந்தாம் கிணறு தெளிவாக இருக்கும், பத்தாம் கிணறு மறுபடி நாறும். அடுத்தது, எண்ணெய் எல்லார் கிணற்றிலும் ஒன்றுபோல வந்தாலும் எல்லார் வீட்டிலும் ஒன்றுபோல வலிக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டுக்குப் போத்தல் தண்ணீர் வந்தது. தோட்ட வேலைக்குப் போகும் பெண், பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வரும் நேரத்தில் வீட்டில் நிற்க முடியாமல், நாட்கூலியை விடுவதா தண்ணீரை விடுவதா என்று தவித்தாள். இந்தத் தவிப்பு எந்த ஆய்வுக்கூட அறிக்கையிலும் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் இருந்து. 1982இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்ந்த ஓர் ஏழைப் பகுதியில் நச்சு மண்ணைப் புதைக்க அரசு முடிவெடுத்தது. மக்கள் லொறிகளுக்கு முன்னால் வீதியில் படுத்தார்கள். 500க்கு மேற்பட்டோர் கைதானார்கள். 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுவதும் நச்சுக்கழிவு இடங்களைக் குறித்துப் பார்த்து, அவை எங்கே வரும் என்பதை வருமானத்தைவிட இனமே கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. 2013இல் கலிபோர்னியா மாநிலம் மாசின் அளவையும் மக்களின் நலிவையும் பெருக்கி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் புள்ளி கொடுக்கும் வரைபடத்தை வெளியிட்டது. அந்தப் புள்ளிகளை வைத்து அங்கே நிதியும் ஒதுக்குகிறார்கள். 2015இல் அமெரிக்க மத்திய அரசும் அப்படி ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. 2025 பெப்ரவரியில் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்த தன்னார்வலர்கள் மீண்டும் ஏற்றினார்கள். எங்கள் தாள்களை மூன்று வீடுகளில் வைத்திருப்பதற்குக் காரணம் இந்தச் செய்திதான்.

அப்படியானால் அவர்களின் முறையையே இங்கே போட்டுவிடலாமே?

முடியாது. கலிபோர்னியாவின் முறை, ஒழுங்காக எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. நமக்கு 1981க்குப் பிறகு முழுமையான மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 31 ஆண்டுகள். அதற்குள் ஊர்கள் காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாகின. அங்கே இனம் ஒரு நிரலில் எழுதப்படுகிறது. இங்கே தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை எந்த அரசுப் படிவமும் கேட்பதில்லை. மாசும் வேறு. அங்கே முதலில் பார்ப்பது காற்று, டீசல் புகை. இங்கே முதலில் கிணறு. பெருக்கல் கணக்கை வாங்கிக்கொள்ளலாம், எதைப் பெருக்குவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த அலகில் கீறுவது? கிராம அலுவலர் பிரிவு போதுமா?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. 2012 மதிப்பீட்டில் மாவட்டச் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம், ஆகவே ஒரு பிரிவுக்குச் சராசரி 1,300 பேர். கேட்கும்போது சின்ன அலகாகத் தெரிகிறது. நடந்து பாருங்கள். ஒரு முனையில் இரண்டு மாடி வீடுகள், கூரையில் தாங்கி, குசினியில் வடிகட்டும் இயந்திரம். மறுமுனையில் இருபது குடும்பங்களுக்கு ஒரு கிணறு. இரண்டையும் கூட்டி வகுத்தால் அந்தப் பிரிவு நடுத்தரமாக இருக்கிறது என்று விடை வரும். சராசரிக்குள் அந்த இருபது குடும்பங்களும் காணாமற் போய்விடுகின்றன.

அதனால் எங்கள் அலகு கிணறு. ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் ஒரு புள்ளியாக வைத்து, அதில் அள்ளும் வீடுகளை அதனோடு கோட்டால் இணைக்கிறோம். வளவுக்குள் இருக்கும் சொந்தக் கிணற்றில் இருந்து ஒரு கோடு மட்டும் போகும். பங்குக் கிணறு என்றால் நான்கைந்து. சில கிணறுகளில் இருந்து முப்பது கோடுகள் கிளம்பி ஒரு சிலந்தியைப் போல நிற்கும். அந்தச் சிலந்திகள் எங்கே குவிகின்றன என்று பார்த்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும். அரசாங்கத்தோடு பேசும்போது மட்டும் புள்ளிகளைக் கிராம அலுவலர் பிரிவுக்குள் கூட்டிக் காட்டுகிறோம், அவர்களுடைய கோப்புகள் அந்த எண்களில்தான் ஓடுகின்றன.

எதையெல்லாம் குறிக்கிறீர்கள்?

கிணற்றின் உப்பு, உரத்திலும் மலக்குழியிலும் இருந்து வரும் நைத்திரேற்று, எண்ணெய் மணம். மலசலகூடக் குழியின் தூரம். மருந்து அடிக்கும் தோட்டங்களும் காற்று வீசும் திசையும். குப்பை கொட்டும், எரியும் இடங்கள். கல்லுண்டாய் வெளியில் நகரத்துக் குப்பை எரியும்போது புகை எந்தப் பக்கத்து வீட்டுத்திட்டத்துக்குள் போகிறது என்பதைக் கொழும்பில் இருந்து எடுக்கும் எந்தப் படமும் சொல்லாது, அங்கே துணி காயப் போடுபவர்கள் சொல்வார்கள். மாரியில் எத்தனை நாள் வெள்ளம் நின்றது. மயானம் எத்தனை அடியில் இருக்கிறது. மயானத்தை ஏன் சேர்க்கிறீர்கள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். புத்தூரில் கிந்துப்பிட்டி மயானத்தை ஒட்டி வாழும் மக்கள், குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிக்காதீர்கள் என்று 2017இல் வீதியில் இருந்து போராடினார்கள். அவர்களிடம் போய் இது சுற்றாடல் பிரச்சினை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுபக்கத்தில் வீட்டு நிலை: காணி உறுதி யார் பெயரில், கூலி வேலையா நிரந்தர வேலையா, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமை தாங்கும் குடும்பமா என்பவை.

நோய்களையும் குறிப்பீர்களா?

குறிப்போம். ஆனால் வீட்டுக்கு வீடு குறிப்பதில்லை. ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது, இன்னொரு வீட்டில் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான செய்தி. பத்து வீடுகளுக்குக் குறைந்த கூட்டத்தில் எந்த நோயையும் நாங்கள் வரைபடத்தில் போடுவதில்லை.

நோய்ச் செய்தியை வைத்து அவசர முடிவுக்கு வருவதும் ஆபத்து. ஓர் ஊரில் புற்றுநோய் கூடி இருப்பதாகத் தெரிந்தால் உடனே கிணற்றைக் காட்டிவிடுகிறார்கள். புகையிலை, வெற்றிலை, வயது, சோதனைக்குப் போகும் பழக்கம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மருத்துவர்களே வாய் திறப்பார்கள். வரைபடத்தின் வேலை கேள்வியைச் சரியான இடத்தில் வைப்பது. பதில் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியபீடத்திலும் சுகாதாரத் திணைக்களத்திலும் இருக்கிறார்கள்.

எலிக்காய்ச்சல் விடயம் வேறு. 2024 நவம்பர் இறுதியில் பெருமழை பெய்து வயல்கள் மூழ்கின. டிசெம்பரில் மர்மக் காய்ச்சல் என்ற பெயரில் உயிர்கள் போகத் தொடங்கின. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வெள்ள நீரில் கலந்த எலியின் சிறுநீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக உடலுக்குள் போகிறது. யாருடைய காலில் வெடிப்பு இருக்கும்? சேற்றில் வேலை செய்பவரின் காலில். தடுப்பு மாத்திரை அப்போது கொடுக்கப்பட்டது. எந்தக் குறிச்சியில் வயல் கூலிகள் கூட இருக்கிறார்கள், எந்த வயலில் வெள்ளம் கடைசியாக வடிகிறது என்று முன்பே ஒரு தாள் இருந்தால், அடுத்த மாரிக்கு மாத்திரை காய்ச்சலுக்கு முன்னால் போகும்.

சாதியைக் கேட்பீர்களா? அதைக் கேட்டால் பிரிவினை வளராதா?

படிவத்தில் சாதி நிரல் இல்லை. யாரையும் பார்த்து நீங்கள் யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இந்த மண்ணில் எவ்வளவு அவமானத்தைச் சுமந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் சாதியால் வந்த விளைவைக் கேட்கிறோம். கிணறு யாருடையது? யார் தண்ணீர் அள்ளத் தடையில்லை, யார் கேட்டுத்தான் அள்ள வேண்டும்? கிணற்றின் கேற்றுக்குத் திறப்பு யாரிடம்? கோடையில் வற்றும்போது முதலில் நிறுத்தப்படுவது யார்? ஒரு மூதாட்டி இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலாக, “பிள்ளை, நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்பதில்லை” என்றார். அந்த வீட்டில் இருந்து 200 மீற்றரில் நல்ல கிணறு ஒன்று இருக்கிறது. அவர் தண்ணீர் எடுப்பது அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில். வரைபடத்தில் அந்தக் கோடு வளைந்து போகிறது. ஏன் வளைகிறது என்று எழுதவில்லை. பார்ப்பவர் எல்லோருக்கும் விளங்குகிறது.

பிரிவினை வளரும் என்று அஞ்சுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கோடு ஏற்கெனவே நிலத்தில் இருக்கிறது. ஒரு சமூகம் தன் பெயரைத் தானே வரைபடத்தில் எழுத விரும்பினால், அதைத் தடுக்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

கிணற்று நீரை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

முதல் பார்வைக்கு நைத்திரேற்றுத் தாள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது. வலிகாமத்தின் செம்மண் தடிப்பாக இல்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவின் மீதி, மழையோடு நேரே கல்லுக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழியும் அதே வழியில் சேர்க்கிறது.

வேலை இப்படி நடக்கும். வீட்டுக்காரரே வாளியை இறக்கி அள்ள வேண்டும், நாங்கள் தொடுவதில்லை. குவளையில் ஊற்றி, விரல் நீளத் தாளை ஒரு கணம் தோய்த்து எடுக்கிறோம். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் கிணற்றடியில் பேச்சே இருக்காது. வெள்ளையாக இருந்த சதுரம் மெல்ல இளஞ்சிவப்பாகும். சில வீடுகளில் அங்கேயே நின்றுவிடும். சில வீடுகளில் நிறம் ஏறிக்கொண்டே போய்ச் செம்பருத்தி நிறத்தில் வந்து நிற்கும். ஒருமுறை அப்படி நின்றபோது, பக்கத்தில் நின்ற இளம்தாய் தாளைப் பார்க்கவில்லை. திண்ணையில் இருந்த பால்மா ரின்னையும் போத்தலையும் பார்த்தாள். தாளைச் சுருட்டிக் கையில் பொத்திக்கொண்டு, “இன்றைக்கு என்ன தண்ணீரில் கரைக்க வேண்டும், சொல்லுங்கள்” என்று கேட்டாள். சோதித்துவிட்டுப் போய்விட முடியாது என்பதை அன்றைக்குத்தான் படித்தோம். நிறம் ஏறும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், மாற்றுத் தண்ணீருக்கு வழி செய்யாமல் அந்த ஒழுங்கையை விட்டு வெளியே வருவதில்லை.

தாள் காட்டுவது ஒரு குறிப்பு மட்டுமே. நிறம் கூடிய கிணறுகளின் நீரைத் துப்பரவான போத்தலில் எடுத்து, அன்றே ஆய்வுக்கூடத்தில் கொடுத்து எண்ணாக வாங்க வேண்டும். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. முதல் மழை விழுந்த சில வாரங்களில் எண் வேறு, ஆடியில் வேறு.

கொதிக்க வைத்துக் குடித்தால் சரிதானே?

கிருமிக்குச் சரி. நைத்திரேற்றுக்குச் சரியில்லை. நீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று பானையிலேயே நிற்கும், ஆகவே செறிவு கூடும். பால்மா கரைத்துக் கொடுக்கும் சிசுக்களுக்கே இதில் ஆபத்து அதிகம். நைத்திரேற்று இரத்தத்தின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் குறைத்து, குழந்தையை நீலம்பாரிக்க வைக்கக்கூடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த வழியில் வராது.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே. இனி கிணறு எதற்கு?

2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட அந்த நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் நீர் கொடுக்கும் திறன் கொண்டது. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான கவலையில் நின்றுபோன பிறகு கிடைத்த வழி அது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் குழாய் எந்த வீதிவரை வருகிறது? குச்சொழுங்கைக்குள் திரும்புகிறதா? இணைப்புக்குக் கட்ட வேண்டிய தொகையை ஒரே தடவையில் கட்ட முடியாத குடும்பம் என்ன செய்யும்? காணி உறுதி இல்லாதவர் யாருடைய பெயரில் விண்ணப்பிப்பார்? சுமை வரைபடத்தின் மேல் குழாய்ப் பாதையை வைத்துப் பார்த்தால், தண்ணீர் மிகவும் தேவைப்படுகிற இடத்துக்குக் குழாய் கடைசியாகப் போகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். குழாய் வந்த வீட்டிலும் குளிப்பும் பயிரும் கிணற்றில்தான் நடக்கின்றன. குழாய் நீர் வந்தவுடன் கிணற்றைக் குப்பைக் குழியாக்கும் பழக்கம் சில இடங்களில் தொடங்கிவிட்டது. ஒரு கிணற்றில் கொட்டினால் அடுத்த கிணற்றில் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தாளும் அளவுநாடாவும் கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே எங்கள் சனத்துக்குப் பயம்.

பயப்பட வேண்டிய காரணம் இருக்கிறது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்களை மரங்களில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களிடம் வரைபடம் நல்லது என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. இதே சனம் முகமாலையில் மிதிவெடி அகற்றுபவர்களின் வரைபடத்தையும் பார்த்தது. சிவப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் கால் வைக்கலாம், அந்தப் பக்கம் கூடாது என்று சொன்ன அந்தத் தாள் உயிர்களைக் காப்பாற்றியது. தாள் ஒன்றேதான். யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறு.

ஆகவே ஊர்க் கூட்டத்தில் சம்மதம் கிடைக்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. கீறிய தாள் சனசமூக நிலையத்தில் இருக்கும். வெளியே யாருக்குக் காட்டுவது என்பதை ஊர் முடிவு செய்யும். ஓர் ஊரில், எல்லாம் கீறி முடித்த பிறகு, இப்போதைக்கு வெளியே விட வேண்டாம் என்றார்கள். விடவில்லை.

எங்கள் குறிச்சியைச் சிவப்பாகக் காட்டினால் காணி விலை விழும், பெண் எடுக்க யோசிப்பார்கள்.

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். இது வெற்றுப் பயம் இல்லை, சுன்னாகத்தைச் சுற்றி உண்மையிலேயே நடந்தது. நாங்கள் கண்டுபிடித்த வழிகள் சில: சிவப்பு நிறத்தைக் கைவிட்டோம். மக்களை நிறத்தால் காட்டாமல், கேட்டின் மூலத்தைத் தடித்த கோட்டால் காட்டுகிறோம், குப்பை மேடு, எண்ணெய்த் தாங்கி, வடிகால் வாய், நிரம்பி வழியும் குழி என்று. அப்போது பார்ப்பவரின் கண் முதலில் போவது கெடுப்பவர் பக்கம். இதனாலும் முழுவதும் தீராது. தீராததை மறைக்காமல் ஊருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மென்பொருள் தெரியாமல் செய்ய முடியுமா?

தாராளமாக. முதல் வரைபடம் எப்போதும் காகிதத்தில்தான். நில அளவைத் திணைக்களப் படத்தைப் பெரிதாக்கி நிலத்தில் விரித்தால், பாட்டிமார் சுற்றி இருந்து தூர்ந்த குளம், மூடிய கிணறு, பழைய வாய்க்கால் எல்லாவற்றையும் விரலால் காட்டுவார்கள். பிறகு கணினி தெரிந்த பிள்ளைகள் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றுவார்கள். கைப்பேசியில் படிவம் நிரப்பக் கோபோ என்ற செயலி போதும், தமிழிலேயே கேள்விகளை வைக்கலாம். இருப்பிடக் குறி பத்தடி முன்பின் தவறும், நெருங்கிய கிணறுகளுக்குச் சுவரில் இலக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

வரைபடம் முடிந்தபின் அதை எங்கே கொண்டு போவது?

முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம். அவர்களில் பலர் தங்கள் பகுதியைக் கால்நடையாக அறிந்தவர்கள், கையில் ஆதாரம் இல்லாமல் தவிப்பவர்கள். பிறகு பிரதேச சபையின் அமர்வுக்கு, வட்டார உறுப்பினர் மூலம். பவுசர் எந்த நேரம் வர வேண்டும் என்ற சின்ன விடயம் அங்கேயே தீரும், பெரிய கோரிக்கையைவிட முதலில் அதை வெல்லுங்கள்.

அரசு கிணறுகளைச் சோதித்த முடிவுகள் கோப்பில் இருந்தால் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. எந்தக் கிணறு, எந்த ஆண்டு, எந்தப் பரிசோதனை என்று குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும்.

எங்கள் ஊரில் தொடங்க வேண்டும். நாளைக்கு என்ன செய்வது?

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு உங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் கிணற்றுக்குப் போங்கள். யார் எங்கிருந்து வந்து அள்ளுகிறார்கள், எத்தனை குடம், யார் காத்து நிற்கிறார்கள் என்று எட்டு மணிவரை இருந்து பாருங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். அடுத்த நாள் அடுத்த கிணறு.